தேங்கிய நீரும் தெறிக்கும் நீரும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ராபிட் சிட்டி என்று ஒரு நகரம். 2005 ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே 18 பேருக்கு லெஜியனேர் நோய் என்னும் கடுமையான நிமோனியா வந்தது. இந்த நோய் கிளம்பினால் பெரிய கட்டடங்களின் மேல் இருக்கும் ஏ.சி. குளிர்விப்புக் கோபுரங்களைச் சந்தேகிப்பதுதான் வழக்கம். ஆனால் விசாரணை போய் நின்ற இடம் ஓர் உணவகம். அங்கே அழகுக்காக வைத்திருந்த சின்ன நீரூற்றில் அந்தக் கிருமி இருந்தது. அது உயரமாகப் பீச்சியடிக்கும் நீரூற்று அல்ல. சாரல் கிளப்பக்கூடியது என்று அதைப் பார்த்தால் தோன்றவே தோன்றாது. யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, அதில் கால் நனைக்கவுமில்லை. பக்கத்தில் மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சிறுவாச்சூரை நினைத்தபோது எனக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரின் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் பக்தர்களுக்குத் திறக்கும். விசேஷ நாட்கள் தனி. பல குடும்பங்களுக்கு இவள் குலதெய்வம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள், அங்கேயே அரிசி இடித்து மாவிளக்கு போடுவார்கள், அன்றே திரும்பிவிடுவார்கள். கூட்டம் இப்படி அலையலையாக வந்து வடியும் எந்த ஊரிலும் தண்ணீரும் அதே போக்கில்தான் இருக்கும். இரண்டு நாள் குழாய்கள் ஓயாமல் ஓடும். மற்ற நாட்களில் தங்கும் அறைகளிலும் மண்டபங்களிலும் குளியலறைகளிலும் தண்ணீர் அசையாமல் நிற்கும். அழகுக்கு ஒரு நீரூற்றோ செயற்கைக் குளமோ வைத்தால் அதன் மோட்டாரையும் கூட்டம் வரும்போதுதான் போடுவார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் நுண்ணுயிரியல் கண்ணோடு பார்த்தால் இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. நாள் முழுக்க ஓடும் நீரூற்றைவிட, மூன்று நாள் நின்று நான்காம் நாள் பீச்சும் நீரூற்றுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

ஏன் என்று புரிய, லெஜியனேர் நோயை உண்டாக்கும் லெஜியோனெல்லா எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏரி, ஆறு, ஈரமண் எல்லாவற்றிலும் சிறிதளவு இருக்கும் சாதாரண பாக்டீரியா அது. அந்த அளவில் யாருக்கும் தொல்லை இல்லை. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அது பெருகும், 35 டிகிரியை ஒட்டிய சூடு அதற்கு மிகவும் பிடிக்கும். குளிர்நாடுகளில் வெந்நீர்க் குழாய்களைத் தேடிப்போய்த்தான் அதற்கு இந்தச் சூடு கிடைக்கிறது. பெரம்பலூர் வெயிலிலோ மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியும் சிமெண்டுத் தொட்டி நீரூற்றும் வருடத்தில் பாதிக்கு மேல் அந்தச் சூட்டிலேயே இருக்கின்றன. நீருக்குள் விளக்கு பொருத்தினால் அதுவும் தன் பங்குக்குச் சூடேற்றும்.

தண்ணீர் நின்றவுடன் குழாயின் உட்சுவரிலும் தொட்டியின் ஓரத்திலும் வழவழவென்று ஒரு படலம் படியும். விரல் வைத்தால் வழுக்குமே, அதுதான். பல வகை பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசைக்குள் கூடி வாழும் குடியிருப்பு அது. அவற்றை மேய அமீபாக்கள் வரும். அமீபா மற்ற பாக்டீரியாக்களை விழுங்குவதைப் போலவே லெஜியோனெல்லாவையும் விழுங்கும். ஆனால் விழுங்கப்பட்ட லெஜியோனெல்லா செரிப்பதில்லை. தன்னை அடைத்த பையின் சுவரை மாற்றியமைத்து, அமீபாவின் உணவை உண்டு, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பெருகி, கடைசியில் அமீபாவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய டிமதி ரோபாதம் 1980இல் இதை வெளிப்படுத்தினார்.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் முக்கியம்? நம் நுரையீரலின் காற்றறைகளில் காவல் காக்கும் வெள்ளணுக்கள் நடத்தையில் அமீபாவைப் போன்றவை: வந்த கிருமியை விழுங்கிச் செரிப்பதே அவற்றின் வேலை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அமீபாவுக்குள் பிழைக்கக் கற்ற உயிரை அவை விழுங்கும்போது என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவல்காரனின் வயிற்றிலேயே கிருமி பெருகுகிறது. மனிதனைத் தாக்க வேண்டும் என்று அதற்கு எந்தத் தேவையும் இல்லை. நாம் அதன் வாழ்க்கைச் சுழற்சியில் இல்லவே இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சாதாரணமாகப் பரவுவதும் இல்லை. தவறான இடத்தில் போய் விழுந்த பாக்டீரியா, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது.

அந்த இடத்துக்கு அதைக் கொண்டுசேர்ப்பது நீர்த்திவலை. பீச்சும் நீர் காற்றில் உடையும்போது பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கும் சிறியவை விழாமல் காற்றோடு மிதக்கும். மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் ஒட்டாமல் காற்றறை வரை போகக்கூடியவை இவைதான். நம் கண்ணுக்குத் தெரிகிற சாரலைவிடத் தெரியாத சாரலே ஆபத்து. ராபிட் சிட்டி நீரூற்றின் அடக்கமான தோற்றம் ஏமாற்றியது இதனால்தான். 1992இல் புளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஒரு ஓட்டல் முகப்பு நீரூற்றிலிருந்து ஐந்து விருந்தினர்களுக்கு இதே நோய் வந்தது. நோயாளிகளிடம் எடுத்த கிருமியும் நீரூற்றில் எடுத்த கிருமியும் ஒன்றே என்பது மரபணுச் சோதனையில் உறுதியானது. 2010இல் விஸ்கான்சினில் நடந்தது இன்னும் வருத்தமானது. ஒரு மருத்துவமனையின் வாசல் கூடத்தில் மன அமைதிக்கென்று வைத்த நீர்ச்சுவர் எட்டுப் பேரை நோயாளி ஆக்கியது. அதை முறையாகச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அதற்குள் பொருத்தியிருந்த நுரைப்பஞ்சின் துளைகளுக்குள் துடைப்பம் போகாதே!

நின்ற நீரின் வேலையை 1999 பிப்ரவரியில் நெதர்லாந்து பார்த்தது. போவென்கார்ஸ்பெல் என்னும் ஊரின் மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஒரு குமிழித் தொட்டியை ஓடவிட்டிருந்தார்கள். அதில் யாரும் இறங்கக்கூட இல்லை. வெகுநாள் பயன்படுத்தாத தீயணைப்புக் குழாயிலிருந்து அதற்குத் தண்ணீர் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்று பூப் பார்த்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட கதைகள் ஏன் காதில் விழுவதில்லை என்று கேட்கலாம். இந்தக் கிருமி இங்கே இல்லை என்பதல்ல காரணம். மருத்துவமனைத் தண்ணீரிலிருந்தே தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். தேடிப் பார்ப்பது குறைவு. நோய்க்குப் பெயர் வந்த வரலாற்றிலேயே இதற்கான விளக்கமும் இருக்கிறது. 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் ஓர் ஓட்டலில் முன்னாள் படைவீரர்களின் சங்கமான அமெரிக்கன் லெஜியன் மாநாடு நடத்தியது. வந்தவர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காய்ச்சலில் விழுந்தார்கள். முதல் ஆய்வறிக்கை 182 நோயாளிகளையும் 29 மரணங்களையும் கணக்கிட்டது. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு டாக்டரிடம் போன அவர்களை ஒரே சரட்டில் கோக்க முடிந்தது, அவர்களுக்கு ஒரு சங்கமும் உறுப்பினர் பட்டியலும் இருந்ததால். 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் ஆய்வாளர் கிருமியைக் கண்டுபிடித்தார்.

நோய் வெளிப்பட இரண்டு முதல் பத்து நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சென்னை திரும்பிய எழுபது வயதுத் தாத்தாவுக்கு அடுத்த வியாழக்கிழமை காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால், போன வாரம் எந்த அறையில் ஷவரைத் திறந்தார் என்று யார் கேட்கப்போகிறார்கள்? 'வயசாச்சு, சளி கட்டிடுச்சு' என்றுதான் வீட்டில் பேச்சு இருக்கும். இது வெறும் புள்ளிவிவர நஷ்டம் அல்ல. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதில் வேலை செய்வதில்லை, ஏனென்றால் கிருமி நம் அணுக்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போல அணுவுக்குள் நுழையும் மருந்துகள் வேண்டும். சிறுநீரில் செய்யும் எளிய சோதனை ஒன்றே பெரும்பாலானவர்களிடம் நோயைக் காட்டிவிடும். ஐம்பது வயது தாண்டியவர், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர், சர்க்கரை நோயாளி ஆகியோர் வெளியூர் போய்வந்த இரண்டு வாரத்துக்குள் நிமோனியாவில் விழுந்தால் அந்தப் பயணத்தை டாக்டரிடம் அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பூங்காவோ மண்டபமோ தங்கும் விடுதியோ, பராமரிப்பவர்களுக்குச் செய்ய வேண்டியது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கூட்டம் வருவதற்கு முந்தின நாள் மாலையே எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிட்டு நின்ற நீரை வெளியேற்றுவது முதல் வேலை. ஷவரை மேலே தூக்கிப் பீச்ச விடாமல், ஒரு வாளிக்குள் இறக்கியோ துணி சுற்றியோ திறந்தால், திறப்பவரின் நுரையீரலும் தப்பிக்கும்.

அடுத்தது குளோரின். குடிநீர்க் குழாயின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருப்பவர்கள் அதைப் பார்க்கக் கையடக்கமான குளோரோஸ்கோப் பெட்டி உண்டு. கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். பக்கத்தில் இருக்கும் மஞ்சள் அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை. வெயிலில் திறந்து கிடக்கும் நீரூற்றுத் தண்ணீரில் காலையில் போட்ட குளோரின் மதியத்துக்குள் புற ஊதாக் கதிரில் சிதைந்துபோகும். ஆகவே 'காலையிலேயே பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு' என்பது சாயங்காலம் நீரூற்றைப் போடுவதற்குப் போதுமான பதில் ஆகாது.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டு ஆலைகள் அங்கே வந்ததே அதனால்தான். கடினமான போர்வெல் தண்ணீரில் நீரூற்று ஓடினால் நாசில் துளைகளைச் சுற்றி வெள்ளையாக உப்பு பிடிக்கும். நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பாக, அடுக்கடுக்காக வரும். அந்த அடுக்குகளின் இடுக்குதான் பாக்டீரியாப் படலத்துக்குப் பத்திரமான வீடு. போதாக்குறைக்கு, தண்ணீரின் காரத்தன்மை கூடக்கூடக் குளோரினின் கொல்லும் சக்தி குறையும். அமில கார அளவு 7.5 இருக்கையில் குளோரினில் பாதி வீரியமான வடிவில் இருக்கும், அளவு 8.5க்குப் போனால் வீரியமாக இருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அமீபா கடினமான உறைக்குள் சுருண்டுகொண்டால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினிலும் அதற்குள் இருக்கும் லெஜியோனெல்லா பிழைத்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். எனவே ரசாயனத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. தொட்டியை வடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நாசிலைக் கழற்றி உப்பை நீக்கி, பில்டரை மாற்றிய பிறகுதான் குளோரினுக்கு வேலை. தேய்க்கும் ஆள் முகக்கவசம் போட்டுக்கொள்வது அவசியம். நாசிலையும் படலத்தையும் கிட்டத்தில் நின்று கிளறுகிற அவருக்குத்தான் முதல் ஆபத்து.

குழந்தைகள் இறங்கி ஆடும் நீரூற்றுகளில் கவலை வேறு. தரையிலிருந்து பீச்சும் தண்ணீர் வடிந்து கீழ்த்தொட்டிக்குப் போய் மறுபடி அதே நாசில் வழியாக வரும். 1999இல் புளோரிடாவின் கடற்கரைப் பூங்கா ஒன்றில் இப்படிப்பட்ட நீரூற்றில் விளையாடியவர்களுக்கு ஷிகெல்லா வயிற்றுப்போக்கு வந்தது. டயப்பர் கட்டிய குழந்தைகளும் அதில் விளையாடின, குளோரினோ போதவில்லை. ஷிகெல்லா நோய் உண்டாக்கப் பத்து முதல் நூறு பாக்டீரியாவே போதும் என்பதால், ஒரு வாய்த் தண்ணீர் தாராளம்.

வாய் வழியாக வரும் நோய்களில் நம் நாட்டுக் குளங்களுக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. 1884இல் ராபர்ட் கோக் காலரா கிருமியைக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் பார்த்தார். அந்தக் குளத்தைச் சுற்றியிருந்தவர்களிடையே அப்போது காலரா பரவியிருந்தது. 1992இல் ஓ139 என்னும் புதிய காலரா வகை உலகத்துக்கு முதலில் தெரியவந்தது சென்னையில். காலரா கிருமி நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுமீன் இனங்களின் உடலில் ஒட்டி வாழும் என்று கண்ட ரீட்டா கோல்வெல், பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டச் சொல்லி வங்காளதேசக் கிராமங்களில் காலராவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று இது. ஏழை வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டே விடை தேடியது அது.

நோய் தோல் வழியாகவும் வரும். எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரிலிருந்து லெப்டோஸ்பைரா என்னும் கிருமி நீரில் கலக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு குளத்தில் இறங்கும் காலில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சலுக்கு வழி. இன்னொன்று மெலியோய்டோசிஸ். இதை 1912இல் ரங்கூனிலிருந்து எழுதி உலகுக்கு அறிவித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும். நெல்வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் இந்த நோயின் பாக்டீரியா, சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடித்ததுபோல் தாக்கும். காசநோயைப் போலத் தோன்றுவதால் மாதக்கணக்கில் தவறான மருந்து போகும். காலில் புண் உள்ள சர்க்கரை நோயாளி எவரையும் குளத்திலோ பூங்கா நீரிலோ இறங்க விடக்கூடாது. புண்ணியத் தீர்த்தம் என்றால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

2024, 2025இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா உயிர்களைப் பறித்த பிறகு, குளத்தைக் கண்டாலே பயப்படுகிற பெற்றோர் இங்கேயும் இருக்கிறார்கள். நெய்க்லேரியா என்னும் அது பாக்டீரியா அல்ல. மூக்கு வழியாக மட்டுமே மூளைக்குப் போகும், குடித்தால் எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் தலைகுப்புறக் குதிக்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாலே அபாயம் வெகுவாகக் குறையும்.

குளத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது மேலே படரும் பச்சை. பாசி என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி தாவரமே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சிறுவாச்சூருக்குக் கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் கிடக்கிறதே கல்மரம், அதற்கு வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்கிறார்கள். இந்தப் பாக்டீரியாக்கள் அதற்கு இருநூறு கோடி ஆண்டு முன்பே காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டிருந்தவை. நாம் மூச்சு விடுவதே அவற்றால்தான். ஆனால் மீனுக்குப் போடும் பொரியும், துணி துவைக்கும் சோப்பும், மாலைகளும், மாட்டுச் சாணமும் சேர்ந்து பாஸ்பரஸ் ஏறிய சிறு குளத்தில் அவை கட்டுக்கடங்காமல் பெருகும். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வகை தன் உடலுக்குள் காற்றுப்பைகளை வைத்திருப்பதால் மேலே மிதந்து, காற்று தள்ளும் கரையில் திரளும். அது பெரும்பாலும் படித்துறையாக இருந்துவிடுவது நம் துரதிருஷ்டம். இரவில் எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்ச, விடியலில் மீன்கள் செத்து மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டான் என்று ஊரில் சண்டை வருவதும் உண்டு.

விஷம் இருப்பதும் உண்மையே. மைக்ரோசிஸ்டின் ஈரலை அழிக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. 1878லேயே ஆஸ்திரேலியாவில் ஏரிநீர் குடித்த கால்நடைகள் சாவதை ஜார்ஜ் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த விஷம் கலந்த நீரை டயாலிசிஸுக்குப் பயன்படுத்தியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது.

பச்சையைக் கண்டதும் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவது பலரும் சொல்லும் வைத்தியம். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அதைத்தான் செய்தார்கள். அணையில் படர்ந்த பாக்டீரியா செத்து உடைந்து, உள்ளே அடைத்துவைத்திருந்த விஷம் முழுவதும் ஒரேயடியாகக் குடிநீரில் கலந்தது. 148 பேர் நோயுற்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பச்சை படர்ந்த பிறகு கொல்வதைவிட, கோடையில் தண்ணீர் வற்றும்போது வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவதே மேல். குளத்தில் சேர்ந்த பாஸ்பரஸ் அந்த வண்டலில்தான் இருக்கிறது.

எந்தப் பச்சை ஆபத்தானது என்று ஊரிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஒரு குச்சியால் தொட்டுத் தூக்குங்கள். தலைமுடி போல இழையிழையாக வந்தால் அது நூல்பாசி, தொல்லை குறைவு. பெயிண்டில் தோய்த்ததுபோல் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு நீர் பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே வளையமாகக் கூடியிருந்தால் நீலப்பச்சை பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்க்கும்வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தத் துறையில் இறக்காதீர்கள். காற்று மாறிப் பச்சை மறைந்துவிட்டது என்று மறுநாளே ஓட்டிவிடவும் வேண்டாம். பாக்டீரியா செத்து மறைந்த பிறகும் விஷம் சில நாள், சில சமயம் சில வாரம், அந்த நீரிலேயே கரைந்திருக்கும்.